பிழையைக் காட்டும் வண்டி

வண்டி இரண்டடி ஓடியது, நின்றது, ஒரு நொடி எதையோ யோசிப்பதுபோல் இருந்துவிட்டு மறுபடி இரண்டடி ஓடியது. அண்ணன் மகள் மூன்று மாலைகளாகப் புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தாள். "இதுலதான் சித்தப்பா எங்கயோ தப்பு" என்று திரையைக் காட்டினாள். திரையில் தப்பே இல்லை. கிட்டோடு வந்த சதுர 9 வோல்ட் பேட்டரியால், மோட்டார்கள் ஒருசேரக் கிளம்பும் கணத்தில் கேட்கும் மின்னோட்டத்தைத் தர முடியவில்லை. மின்னழுத்தம் சரிந்தது, போர்டு அணைந்து மீண்டும் எழுந்தது, எழுந்ததும் முதல் வரியிலிருந்து தொடங்கியது. 13ஆம் பின்னோடு சேர்ந்த சிறு விளக்கு ஒவ்வொரு முறையும் படபடவென்று மின்னி அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்த மின்னலுக்கு என்ன பொருள் என்று கையேட்டில் ஒரு வரி கிடையாது. பெட்டியின் மேலட்டையில் மட்டும் 'பன்னிரண்டு செயல்பாடுகள்' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

முதல் ரோபோ கிட்டை எடைபோட இதைவிடக் கறாரான சோதனை எனக்குத் தெரியவில்லை: ஓடாதபோது, ஏன் ஓடவில்லை என்பதை அது காட்டுகிறதா? ஓடும்போது எல்லாக் கிட்டும் ஒன்றுபோலத்தான். தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைத் தொடரும், கையை நீட்டினால் ஒதுங்கும். தரம் பிரிவது பழுதில். ஒரு கிட்டில் பழுது ஓரிடத்தில் நிற்கும், கையில் அகப்படும். இன்னொன்றில் மின்சாரப் பழுது புரோகிராம் பழுதுபோல வேடம் கட்டும். கற்பவர் தன்னையே சந்தேகிப்பார். நான்காம் நாள் பெட்டி பரணுக்குப் போய்விடும். காசு குறைவாக உள்ளவருக்கு இது இரட்டை நட்டம். இரண்டாவது கிட் வாங்கி முதலாவதன் குறையைச் சரிக்கட்ட அவரிடம் பணம் இல்லை.

நமது மதிப்புரைகளோ எண்ணிக்கையில் மயங்கிக் கிடக்கின்றன. '37 சென்சார் தொகுப்பு' இன்றைக்கும் விற்கிறது. அதை வாங்கியவர்களில் நான்குக்குமேல் பயன்படுத்தியவரை நான் பார்த்ததில்லை. நரம்பியலாளர் கிரே வால்ட்டர் 1948-49இல் பிரிஸ்டலில் கட்டிய ஆமை ரோபோக்களில் இரண்டு வால்வுகள், ஒளிக்கு ஓர் உணரி, தொடுகைக்கு ஓர் உணரி, அவ்வளவே. அவை வெளிச்சத்தைத் தேடின, முட்டினால் விலகின, பேட்டரி தளர்ந்தால் விளக்கெரியும் கூட்டுக்குத் திரும்பின. பிரைட்டன்பர்க் 1984இல் எழுதிய 'வெஹிக்கிள்ஸ்' நூலிலோ இரண்டு உணரி, இரண்டு மோட்டார். வயர்களை நேராக இணைத்தால் வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும் வண்டி, குறுக்காக மாற்றினால் அதன்மேலேயே பாயும். உறுப்பு கூடவில்லை, உறவு மாறியது. ஆகவே உணரி எத்தனை என்பது இரண்டாம் கேள்வி. உணரிக்கும் மோட்டாருக்கும் இடையிலான சுற்று மூடியிருக்கிறதா, அந்தச் சுற்றில் கற்பவரின் விரல் நுழைய இடம் இருக்கிறதா என்பவையே முதல் கேள்விகள்.

எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நாலாயிரம் ரூபாய். வீட்டில் ஒரு பழைய லேப்டாப் உண்டு. கற்பவர் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, அல்லது இப்போதுதான் ஆசை வந்த பெரியவர். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் எப்போதும் இருக்கமாட்டார். இந்த எல்லைக்குள் கடையில் கிடைப்பவை பல. அவற்றில் பாதியை விவாதமின்றியே தள்ளலாம்.

புளூடூத் கார் முதலில் போகட்டும். செல்போனில் அம்புக்குறியை அழுத்தினால் ஓடும் வண்டியில் கண்ணும் மூளையும் மனிதருடையவை. அது நல்ல பொம்மை, நாம் தேடுவது வேறு. அடுத்து அக்ரிலிக் கை. நான்கு எஸ்ஜி90 சர்வோக்கள், ஒவ்வொன்றும் 9 கிராம், நைலான் கியர். பார்க்க அழகு. ஆனால் புரோகிராம் '60 பாகைக்குப் போ' என்று ஆணையிடும், கை போய்ச் சேர்ந்ததா என்று அதற்கு ஒருநாளும் தெரியாது. சர்வோவுக்குள் சுற்று மூடியிருக்கிறது, கற்பவரை வெளியே நிறுத்திவிட்டு. நான்கும் ஒரே நேரத்தில் திணறினால் போர்டின் 5 வோல்ட் பின் தாங்காது, மறுபடி அதே மர்ம மறுதொடக்கம். இரண்டு சக்கரத்தில் நிற்கும் சமநிலை வண்டி உயர்ந்த வடிவம்தான், எனினும் இரண்டாம் ஆண்டுக்கு உரியது. ராஸ்பெரி பை, கேமரா வகையறா நம் விலைக்குள் வராது. வந்தாலும், முதல் மாதம் லினக்ஸோடும் மெமரி கார்டோடும் போய்விடும்.

செவ்வியல் அளவுகோல் ஒன்று இந்தத் துறையில் இருந்தது. கணினிக் கல்வி முன்னோடி பேப்பர்ட்டின் நூலிலிருந்து பெயரெடுத்து 1998இல் வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ், என்எக்ஸ்டி, ஈவி3 என வளர்ந்து 2022 முடிவோடு நிறுத்தப்பட்டது. அதன் சாதனை உறுப்புகளின் தரத்தைவிட அவற்றின் இயைபில் இருந்தது. மோட்டாருக்குள்ளேயே சுழற்சியை எண்ணும் என்கோடர், தவறாகச் செருக முடியாத இணைப்பி, பிரித்தால் எதுவும் உடையாத கட்டுமானம். என்எக்ஸ்டி தொட்டு 'ஒரு சுற்று சுற்று' என்றால் மோட்டார் ஒரு சுற்றே சுற்றியது. குறையும் அங்கேயே இருந்தது: விலை, மூடிய உறுப்புகள், அந்த நிறுவனத்துக்கு வெளியே எதையும் எளிதில் சேர்க்க இயலாமை. இன்று நாலாயிரம் ரூபாயோடு நிற்பவர் அதற்கு ஏங்கிப் பயனில்லை. அது நிறுவிய தரத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏதாவது ஒரு கடையில் 'ரோபோ கார் கிட்' என்று கேட்டால், பெரும்பாலும் கையில் வருவது நான்கு சக்கர வண்டி. அர்டுயினோ ஊனோ வகைப் போர்டு, எல்298என் மோட்டார் டிரைவர், நான்கு மஞ்சள் கியர் மோட்டார், எச்சி-எஸ்ஆர்04 ஒலியுணரி, அதைத் தலைபோல் இருபுறமும் திருப்ப ஒரு எஸ்ஜி90, கோடு தொடர மூன்று அகச்சிவப்பு உணரிகள். ஆயிரத்தைந்நூறிலிருந்து மூவாயிரம் வரை. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். முதல் கிட் வாங்குபவர்களில் பலர் இதைத்தான் வாங்குகிறார்கள்.

நிறை உண்மையானது. அர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயாவில் தொடங்கியபோதே வடிவமைப்பைத் திறந்து வைத்தது. அதனால் ஊனோவின் நகல் நானூறு, ஐந்நூறுக்குக் கிடைக்கிறது. 16 மெகாஹெர்ட்ஸ், 32 கிலோபைட் நினைவகம், 2 கிலோபைட் ராம் என்பது இன்றைய கணக்கில் அற்பம். ஆனால் கோட்டைத் தொடர்வதற்கும் சுவரை விலக்குவதற்கும் அதில் பாதிகூட வேண்டாம். எது உடைந்தாலும் அந்த ஒன்றை மட்டும் வாங்கலாம். மோட்டார் தனியாக, சக்கரம் தனியாக, திருகுகூடத் தனியாக. கலைத்தால் இன்னொன்று கட்டலாம். திறந்த தன்மையில் இந்த வண்டி லெகோவையும் மிஞ்சும்.

குறை, அந்த நல்ல உறுப்புகளைச் சேர்த்த விதத்தில் இருக்கிறது. நான்கு சக்கரமும் நேராகவே பார்க்கின்றன, எதுவும் திரும்பாது. வண்டி வளைய வேண்டுமானால் ரப்பர் தரையில் பக்கவாட்டில் இழுபட வேண்டும். சிமெண்ட் தரையில் ஒரு அளவு, டைல்ஸில் ஒரு அளவு, பாயில் நகராது. அந்த இழுபறிக்கு மோட்டார் கூடுதல் மின்னோட்டம் கேட்கும். பக்கத்துக்கு இரண்டு மோட்டார் ஒரே சேனலில் தொங்குவதால் கேட்பது இரட்டிப்பாகும். '90 பாகை திரும்பு' என்பதற்கு இந்த வண்டியில் கணக்கே கிடையாது, குத்துமதிப்பு மட்டும் உண்டு. பார்வைக்குக் கம்பீரம் தருவதற்காகக் கணிதத்தை விட்டுக்கொடுத்த வடிவம் இது.

எல்298என்னைப் பலர் பழிக்கிறார்கள். பழி பாதிதான் நியாயம். முரட்டுத்தனமான பழைய டிரைவர், பெரிய ஹீட்சிங்க், திருகு முனை, கற்பவரின் பல தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதன் உள்ளே இருப்பவை பைபோலார் டிரான்சிஸ்டர்கள். 1 ஆம்பியர் ஓடும்போது 1.8 முதல் 3.2 வோல்ட் வரை அதுவே விழுங்கும் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. எட்டு வோல்ட்டை ஒட்டிய பேட்டரியோடு சேர்த்தால் இது பெரிய குறையாகத் தோன்றாது. நான்கு ஏஏ செல் தரும் 6 வோல்ட்டோடு சேர்த்தால் மோட்டாருக்கு மிஞ்சுவது மூன்று சொச்சம். டிரைவரும் தவறில்லை, பேட்டரியும் தவறில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டவர் கணக்குப் போடவில்லை.

எட்டு வோல்ட்டுக்காக இரண்டு 18650 லித்தியம் செல்களைத் தரும் கிட்டுகளும் உண்டு. மின்சாரக் குறை அங்கே தீர்கிறது, வேறொன்று முளைக்கிறது. அந்த அளவில் இன்று கிடைக்கும் நல்ல செல்கள் 3,500 மில்லியாம்பியர் மணியைச் சுற்றித்தான் நிற்கின்றன; கடையில் 9,900 என்று அச்சிட்டது தாராளமாகக் கிடைக்கும். செல்லின் உறையிலேயே பொய் அச்சாகியிருக்கும்போது உள்ளே பாதுகாப்புச் சுற்று இருக்கும் என்று எப்படி நம்புவது? ஜம்பர் வயர் கழன்று இரு முனையையும் தொட்டுவிடுவது முதல் மாதத்தில் கட்டாயம் நடக்கும். நிக்கல் செல் அப்போது சுடும், லித்தியம் செல் தீப்பிடிக்கவும் கூடும். பிள்ளைகளின் மேசைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மாதிரிப் புரோகிராம்களையும் வண்டியின் உறுப்பாகவே கருதி மதிப்பிட வேண்டும். யாரும் அதைச் செய்வதில்லை. இந்த வகைக் கிட்டுகளின் புரோகிராமில் எங்கு பார்த்தாலும் 'டிலே' கட்டளை. அரை நொடி முன்னே போ, பிறகு தூரத்தை அள. மஞ்சள் மோட்டார் 6 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று, 65 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 204 மி.மீ.; ஆக நொடிக்கு 68 செ.மீ. சுமையில் வேகம் பாதியாகும் என்றே வைப்போம். அரை நொடியில் 17 செ.மீ. கடக்கும். 20 செ.மீ.யில் சுவரைக் கண்டால் நில் என்று விதித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் 17 செ.மீ. கண்ணைக் கட்டி ஓடவிடுவது எந்த முறைமையில் சேரும்? வண்டி முட்டும்; கற்பவர் ஒலியுணரியைப் பழிப்பார். உணரி தன் வேலையைச் சரியாகவே செய்தது. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி போய்த் திரும்பும் மைக்ரோநொடிகளை 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். இவ்வளவு வெளிப்படையான உணரி இந்த விலையில் வேறில்லை. துணித் திரையும் சாய்ந்த பலகையும் அதை ஏமாற்றும் என்பது உண்மை, ஆனால் அது கற்பவரே சோதித்துக் கண்டுபிடிக்கக்கூடிய ஏமாற்றம். டிலே செய்யும் ஏமாற்று கண்ணுக்குத் தெரியாது.

சுருங்கச் சொன்னால், நான்கு சக்கரக் கிட் நல்ல சரக்கு, மோசமான தொகுப்பு.

நேர் எதிர்முனையில் மேக்பிளாக் நிறுவனத்தின் எம்பாட் கிட் இருக்கிறது. இரண்டு மோட்டார், முன்னே ஒரு உருளும் ஆதாரம், அலுமினியச் சட்டம், ஒலியுணரி ஒன்று, கோடு காண ஒன்று. உள்ளே இருப்பது ஊனோவின் அதே சிப்தான். தொகுப்பின் ஒருமை முதல் திருகிலேயே தெரிகிறது. ஒரு மனம் யோசித்த பொருள் என்ற உணர்வு வருகிறது. ஸ்கிராட்ச் கட்டங்களில் எழுதத் தொடங்கி, அதே புரோகிராமின் அர்டுயினோ வடிவத்தைப் பக்கத்திலேயே பார்க்கலாம். சென்சார்கள் ஆர்ஜே25 இணைப்பியில் டெலிபோன் வயர்போல 'டக்'கென்று செருகுகின்றன, தவறாகச் செருக வழியே இல்லை. இதன் பலமும் பலவீனமும் இந்த 'டக்'தான். தவறு நேராத இடத்தில் புரிதலும் நேர்வதில்லை. மின்சாரம், தரை, சைகை மூன்றும் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. ஒரு உணரிக்குக் குறைந்தது மூன்று வயர் ஏன் வேண்டும் என்ற கேள்வி எழாமலே ஆறு மாதம் கடந்துவிடும். எனினும் பத்து வயதுக் குழந்தைக்கு அந்த மறைப்பு தேவையான கருணை. இறக்குமதிச் செலவும் விற்பவர் லாபமும் சேரும்போது விலை நமது எல்லையைத் தாண்டிவிடுகிறது. இரண்டு குடும்பம் சேர்ந்து வாங்கினால், அல்லது பள்ளி வாங்கினால், சிறுவர் பிரிவில் இதற்கே முதலிடம்.

பிழையைக் காட்டுவதை மட்டும் அளவாகக் கொண்டால் வெற்றி மைக்ரோபிட்டுக்கு. பிபிசி 2016இல் பிரிட்டனின் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்குச் சுமார் பத்து லட்சம் போர்டுகளை இலவசமாக வழங்கியபோது, அதன் முகத்தில் 25 சிவப்பு விளக்குகளை வைத்ததைக் கல்வி வடிவமைப்பின் நுட்பங்களில் ஒன்றாகவே எண்ணுகிறேன். ரோபோ தன் மனத்தை முகத்தில் காட்டும். இடது உணரி கறுப்பைக் கண்டால் இடது ஓரத்தில் ஒரு புள்ளி, சுவர் நெருங்கினால் ஒரு எண். மைக்ரோபைத்தானில் பிழை நேர்ந்தால் எந்த வரி என்பதைக்கூட அந்த விளக்குகளிலேயே எழுத்தெழுத்தாக ஓட்டிக் காட்டும். லேப்டாப்பை இழுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் தவழ வேண்டாம். ஆனால் மோட்டாரை அது தனியாக ஓட்டாது, துணைப்போர்டு வேண்டும். துணைப்போர்டுகளோ நிறுவனத்துக்கு ஒரு பின் வரிசை, ஒரு லைப்ரரி. ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. போர்டே பட்ஜெட்டில் பாதியை நெருங்கிவிடும், வண்டியையும் சேர்த்தால் எல்லை உடையும். மேன்மையான பாதி, முழுமை பெறக் காசில்லை.

ராஸ்பெரி பை பைக்கோ கடினமான போட்டியாளர். 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்தது. 264 கிலோபைட் ராம், இரண்டு கோர், மைக்ரோபைத்தான். ஒரு வரி தட்டினால் அந்தக் கணமே மோட்டார் சுற்றும், தவறென்றால் வரி எண்ணோடு பதில் வரும். ஊனோவிலோ ஒரு அரைப்புள்ளியை விட்டால், பிழைச்செய்தி அடுத்த வரியைக் குற்றம் சொல்லும். மொழியளவில் பைக்கோ தெளிவு, ஊனோ மங்கல். இதை மறைப்பதில் நியாயமில்லை. மின்னளவில் நிலைமை தலைகீழ். பைக்கோவின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு ஆனவை. வழக்கமான எச்சி-எஸ்ஆர்04 திருப்பி அனுப்புவது 5 வோல்ட். இடையில் இரண்டு ரெசிஸ்டர் வைத்து அழுத்தத்தைக் குறைக்கத் தெரியாதவரின் பின் ஒருநாள் சத்தமில்லாமல் செத்துப்போகும். விளக்கு எரியாது, செய்தி வராது. நாம் அஞ்சும் பழுது இந்த வகைதான். ஈஎஸ்பி32 போர்டுக்கும் இதே தீர்ப்பு. வைஃபை இருப்பது முதல் வண்டிக்குத் தகுதியும் இல்லை, குறையும் இல்லை. ரெசிஸ்டர் வைக்கத் தெரிந்த அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால் என் தீர்ப்பைப் பைக்கோவுக்கு மாற்றிக்கொள்ளத் தயார்.

அப்படி ஒருவர் இல்லாத வீட்டுக்கு என் தேர்வு ஆயத்தக் கிட் அல்ல, ஒரு பட்டியல். இரண்டு மோட்டாரும் ஒரு உருளும் ஆதாரமும் கொண்ட சேசிஸ், ஐந்நூறு ரூபாய். ஊனோ நகல், ஐந்நூற்றைம்பது. சிப் போர்டோடு ஒட்டியிராமல் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் வகையாகப் பார்த்து வாங்கினால், எரிந்தாலும் சிப்பை மட்டும் மாற்றலாம். எல்298என்னுக்குப் பதில் டிஆர்வி8833 டிரைவர், நூற்றைம்பது. ஒலியுணரி நூறு, கோட்டு உணரிகள் மூன்றும் நூற்றைம்பது. நான்கு நிக்கல் செல்களும் சார்ஜரும் ஆயிரத்து நூறு. பிரெட்போர்டு, வயர், செல் பெட்டி இருநூற்றைம்பது. சால்டரிங் அயர்ன் முந்நூறு. மல்டிமீட்டர் முந்நூறு. கடைக்குக் கடை மாறும் இந்தக் கணக்கு மூவாயிரத்து நானூறில் முடிகிறது.

டிரைவரை மாற்றியதற்குக் காரணம் உண்டு. டிஆர்வி8833 மாஸ்ஃபெட்டால் ஆனது, 2.7 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும், விழுங்குவது மிகக் குறைவு. நான்கு நிக்கல் செல் தரும் 4.8 வோல்ட்டில் ஏறத்தாழ முழுவதையும் மோட்டாரிடம் சேர்த்துவிடும். அதிக மின்னோட்டம் ஓடினால் தன்னையே நிறுத்திக்கொள்ளும் காப்பும் உண்டு. குறையும் சொல்கிறேன்: பின்களை நாமே சால்டர் செய்ய வேண்டியிருக்கும், சில மாட்யூல்களில் ஸ்லீப் பின்னை 5 வோல்ட்டோடு இணைக்காவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் அசையாது. மல்டிமீட்டர் இல்லாதவரை இது ஒரு மாலை முழுக்க அலைக்கழிக்கும். அதனால்தான் அந்த முந்நூறு ரூபாயைத் தலை திருப்பும் சர்வோவுக்குக் கொடுக்காமல் மல்டிமீட்டருக்கு ஒதுக்கினேன்.

போர்டுக்கு மின்சாரம் மோட்டார் செல்களிலிருந்து வேண்டாம்; வீட்டில் கிடக்கும் பவர் பேங்கிலிருந்து யூஎஸ்பி வழியாக வரட்டும். தரை வயரை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இணைக்க வேண்டும். தசைக்கு ஒரு பேட்டரி, மூளைக்கு ஒரு பேட்டரி. மோட்டார் எவ்வளவு திணறினாலும் போர்டு விழித்திருக்கும். வண்டி நின்று விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பழுது செல்லிலோ டிரைவரிலோ. விளக்கே அணைந்தால் பவர் பேங்கில். குற்றவாளிகளைத் தனித்தனி அறையில் வைத்து விசாரிப்பதுபோல. இதிலும் ஒரு பொத்தல் உண்டு: சில பவர் பேங்குகள், ஊனோ குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருப்பதால், போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று எண்ணித் தாமாகவே அணைந்துவிடும். வண்டியில் ஏற்றுமுன் வெறும் போர்டை மாட்டிக் கால்மணி நேரம் விட்டுப் பார்த்துவிட வேண்டும். கூடவே இன்னொன்று: நகல் போர்டுகளில் பெரும்பாலும் சிஎச்340 சிப் இருக்கும், பழைய லேப்டாப்பில் அதற்கு டிரைவர் மென்பொருள் நிறுவ வேண்டிவரலாம். அதை நிறுவியும் யூஎஸ்பி போர்ட் தெரியவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள், சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளாக இருக்கும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பை நான் அறிவேன். பட்டியலுக்கு ஆசிரியர் இல்லை, கையேடு இல்லை. உறுப்புகள் வந்து சேர்வதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். ஆயத்தக் கிட் முதல் மாலையே ஓடிக் காட்டும். மறுப்பில் பாதியை ஏற்கிறேன். எம்பாட்டில் இருக்கும் இயைபு பட்டியலில் பிறக்காது. ஆனால் பட்டியல் ஓர் ஒழுங்கைக் கட்டாயமாக்குகிறது, அந்த ஒழுங்குதான் இங்கே கையேடு. முதலில் வெறும் போர்டு. 13ஆம் விளக்கு நாம் சொன்னபடி மின்னுகிறதா? பிறகு போர்டே இல்லாமல் மோட்டாரும் செல்லும். சுற்றுகிறதா, முனை மாற்றினால் எதிராகச் சுற்றுகிறதா? ஐந்து நிமிட வேலை, ஆர்வத்துக்கு அது போதும். பிறகு டிரைவர், ஒரு சக்கரம் மட்டும், வண்டியைப் புத்தகத்தின்மேல் தூக்கி வைத்து. பிறகு ஒலியுணரி, சக்கரம் இல்லாமல், எண்ணை மட்டும் திரையில் பார்த்து. ஒவ்வொரு படியிலும் புதிதாக நுழைவது ஒன்றே. கெட்டால் கெடுத்தது அதுதான். ஆயத்தக் கிட்டில் நாற்பது திருகும் இருபது வயரும் மாட்டிய பிறகுதான் முதல் முறையாக சுவிட்சைப் போடுகிறோம், அப்போது ஓடாவிட்டால் அறுபது சந்தேகங்கள்.

பட்டியலைத் தேடி அலைய நேரமில்லாதவருக்கு இரண்டாம் தேர்வு: இரண்டு சக்கர ஊனோ கிட். நான்கு சக்கரத்தை, அது இருநூறு ரூபாய் மலிவாக இருந்தாலும், ஒதுக்குங்கள். கூடவே வரும் 9 வோல்ட் பேட்டரியை ஸ்மோக் டிடெக்டருக்கோ பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கோ கொடுத்துவிட்டு நிக்கல் செல் வாங்கிக்கொள்ளுங்கள். எல்298என் கூடவே வந்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம். செல்லை ஆறாக்கினால் அது ஓடும்.

நம் கணக்கில் அறுநூறு ரூபாய் மீதமிருக்கிறது. சேசிஸ் பையின் அடியில் இருபது துளையிட்ட கறுப்பு பிளாஸ்டிக் தட்டுகள் இரண்டு கிடக்கும். எதற்கென்று கையேடு சொல்லாது. அதைப் படிக்கும் உணரியைப் பையில் வைத்திருக்கவும் மாட்டார்கள், வாசிக்கக் கண்ணில்லாமல் எழுத்தை மட்டும் தந்ததுபோல. இருநூறு ரூபாய்க்குள் இரண்டு ஒளித்துளை உணரிகள் வாங்கி மோட்டாரோரம் பொருத்திவிட்டால், லெகோ மோட்டாருக்குள் ஒளித்துவைத்த என்கோடர் இங்கே கண்ணெதிரே சுற்றும். 204 மி.மீ. சுற்றளவுக்கு 20 துளை; ஒரு துளைக்கு 10.2 மி.மீ. சக்கரங்களின் இடைவெளி 13 செ.மீ. என்று வைத்தால், நின்ற இடத்தில் நேர்கோணம் திரும்ப ஒவ்வொரு சக்கரமும் சரியாக அரைச் சுற்று சுற்ற வேண்டும், ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும், பத்துத் துளை. பத்து எண்ணியும் வண்டி கோணத்துக்கு வராவிட்டால் சக்கரம் வழுக்கியிருக்கிறது என்று பொருள். எவ்வளவு வழுக்கியது என்பதை ஒரு புரோட்ராக்டரைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.